துருவேறா எஃகுக்குத் தேயாத மேனி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலையோடும் உலோகத்தோடும் பழகிய ஒரு பெரியவர், தொழிற்கலைகளைப் பற்றிய செய்திகள் தமிழிலேயே விரிவாகப் பேசப்பட வேண்டும், பேசப்பட்டவை அச்சிலும் ஏற வேண்டும் என்று விரும்பி, அதன் பொருட்டுத் தம் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்ததனால் இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம். அவருடைய விருப்பத்திற்கு இயைந்த பொருள் எதுவென்று எண்ணிப் பார்த்தபோது, நம் இல்லங்களில் எவர்சில்வர் என்று வழங்குவதும், தொழிற்சாலைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வழங்குவதும், ஏடுகளில் துருவேறா எஃகு என்று எழுதப்படுவதுமான உலோகத்தின் மேற்பரப்பைப் பற்றிப் பேசுவது தகும் என்று எனக்குத் தோன்றியது. இவ்வுலோகம் துருவை வெல்லும். ஆயினும் உராய்வுக்கு எளிதில் தோற்றுவிடும். அதன் மேனியைத் தேயாததாக்க என்ன செய்யலாம், அப்படிச் செய்கையில் அதன் துருவேறாத குணம் கெடாமல் காப்பது எங்ஙனம் என்பதே இன்றைய விசாரணை. இவ்விரண்டு பகுதிகளில் முதற்பகுதியை மட்டும் கவனித்து இரண்டாவதை மறந்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருந்து வருவதனால், இரண்டாம் பகுதியையே நான் மிகுதியாக வற்புறுத்துவேன்.

இவ்வுலோகத்தின் பிறப்பு வரலாற்றிலேயே தேய்மானத்தைப் பற்றிய கவலை கலந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணியாற்றிய ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் வெடிமருந்தின் கொதிவாயுக்களால் அரிக்கப்பட்டு விரைவிலேயே பயனற்றுப் போவதைத் தடுக்கும் பொருட்டுத்தான் குரோமியம் கலந்த எஃகுகளைப் பரிசோதிக்கத் தொடங்கினார். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் வார்த்தெடுத்த எஃகில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கரியும் இருந்தன. அதன் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் காணும்பொருட்டு நைட்ரிக் அமிலம் கலந்த திராவகத்தை வழக்கம்போல் தடவியபோது, அது அந்த எஃகைத் தீண்டவே மாட்டாமல் நின்றது. குழலின் தேய்மானத்துக்கு மருந்து தேடிப் புறப்பட்டவர் துருவுக்கு மருந்து கண்டார். தேய்மானம் என்னும் கேள்வி மட்டும் விடை பெறாமல் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக் குருப் ஆலையில் ஸ்ட்ராவுஸ், மவுரர் என்னும் இருவர் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த வேறொரு வகை எஃகை ஆக்கியிருந்தனர். நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்டதாய், இன்று 304 என்னும் எண்ணால் உலகமெங்கும் அறியப்படும் எஃகு அதன் வழித்தோன்றலே. இரண்டு முதல் மூன்று பங்கு மாலிப்டினம் சேர்ந்த 316 அதன் உடன்பிறப்பு. பால் பதனிடும் ஆலை முதல் அணு உலை வரையில் பெரும்பாலான இடங்களில் நாம் காண்பது இக்குடும்பத்தைத்தான்.

துருவேறாமைக்குக் காரணம் யாது? எஃகில் நூற்றுக்குச் சுமார் 10.5 பங்குக்குக் குறையாமல் குரோமியம் கலந்திருந்தால், காற்றிலும் நீரிலும் உள்ள பிராணவாயுவோடு அக்குரோமியம் சேர்ந்து, மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு சவ்வாகப் படர்கிறது. அதன் கனம் இரண்டு மூன்று நானோமீட்டருக்கு மேற்படாது; அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு. கீறினாலும் கிழித்தாலும் ஈரமும் காற்றும் கிடைத்தவுடனே அது தானாகவே மீண்டும் உருவாகிவிடும். இந்தச் சவ்வின் சிருஷ்டிக்கும் ரக்ஷணைக்கும் வேண்டிய பண்டம் ஒன்றே ஒன்று: அடியிலுள்ள எஃகில் கட்டுண்டு கிடவாமல், வேண்டும்போது மேலெழுந்து உதவக்கூடிய நிலையில் இருக்கும் குரோமியம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் நான் சொல்லப்போகும் அனைத்தும் தெளிவாக விளங்கும்.

சவ்வு இத்துணைச் சிறப்புடையதாயினும், அது அமர்ந்திருக்கும் தளம் மிருதுவானது. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் முறையில் 304 எஃகின் எண் ஏறக்குறைய 150 முதல் 200 வரையே இருக்கும். ஆற்று மணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் கல்லுக்கோ அந்த எண் ஆயிரத்தையும் தாண்டும். இதனால் மணல் எளிதாகக் கீறிவிடுகிறது. அதைக் காட்டிலும் தொல்லை தரும் தேய்மானம் வேறொன்று உண்டு. ஒரே இன எஃகினால் ஆன இரண்டு பாகங்கள் பளுவுடன் ஒன்றன்மேல் ஒன்று உராயும்போது, மேடான இடங்களில் சவ்வு கிழிந்து, வெறும் உலோகமும் வெறும் உலோகமும் தொட்டு, உலையில்லாமலே பற்றவைத்தாற்போல ஒட்டிக்கொள்கின்றன. பிறகு இழுக்கும்போது ஒன்றின் சதை மற்றொன்றோடு பெயர்ந்து வருகிறது. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை வேகமாக முடுக்கும்போது பாதி வழியில் இறுகி, முன்னும் போகாமல் பின்னும் வராமல், இறுதியில் அறுத்தெடுக்க நேர்வதைப் பட்டறையில் இருப்போர் எல்லோரும் அறிவர். 'ஜாம் ஆகிவிட்டது' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். சாதாரண எஃகைப்போல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இவ்வுலோகம் உஷ்ணத்தைக் கடத்துகிறதாகையால், உராய்வில் பிறக்கும் சூடு அவ்விடத்திலேயே தங்கி இத்தீங்கை மேலும் வளர்க்கிறது.

உப்புநீரோ அமிலமோ சூழ்ந்த இடத்தில் உராய்வும் நிகழுமானால் அழிவு இரட்டிப்பாகிறது. உராயும் பாகம் சவ்வைச் சுரண்டுகிறது. அடுத்த கணமே எஃகு தன் குரோமியத்தைச் செலவிட்டுப் புதுச் சவ்வை நெய்கிறது. மறு சுற்றில் அதுவும் சுரண்டப்படுகிறது. இவ்வாறு நிமிஷத்துக்குப் பல நூறு தடவை சவ்வு பிறந்து பிறந்து அழியும்போது, தேய்மானம் மட்டும் நிகழ்ந்திருந்தால் எவ்வளவு, அரிமானம் மட்டும் நிகழ்ந்திருந்தால் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் வரும் தொகையைவிட உண்மையான நஷ்டம் அதிகமாக இருப்பதைக் காண்கிறோம். தேய்மானத்தையும் அரிமானத்தையும் இரண்டு தனிச் சாஸ்திரங்களாகப் பிரித்துப் பயிலும் நம் கல்லூரிப் பாடமுறை மாற வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் என்பவர் தலைமையில் அமைந்த குழு 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் முறையாக அறிந்து தடுத்தால் அந்நாட்டுத் தொழில்கள் ஆண்டுக்கு 51 கோடிப் பவுனுக்கு மேல் மிச்சப்படுத்தலாம் என்று கணக்கிட்டுக் காட்டியது. அதற்கு முன்பே, 1953இல், ஆர்ச்சர்டு என்னும் அறிஞர் ஒரு சூத்திரத்தை நிறுவியிருந்தார்: தேய்ந்து உதிரும் உலோகத்தின் அளவு, தாங்கும் பளுவும் உராய்ந்து செல்லும் தூரமும் மிக மிகக் கூடும், மேற்பரப்பின் கடினம் மிக மிகக் குறையும். ஆகவே மேற்பரப்பைக் கடினமாக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆனால் சாதாரணக் கரி எஃகைப்போல் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினப்படுத்தும் மார்க்கம் 304க்கும் 316க்கும் இல்லை. நிக்கலின் சேர்க்கையால் அவற்றின் அணுக்கட்டுமானம் உலைச் சூட்டிலும் அறைச் சூட்டிலும் ஒரே விதமாக நின்றுவிடுவதால், தோய்ப்பதால் அதற்குள் எந்த மாற்றமும் விளைவதில்லை. எனவே வெளியிலிருந்து ஏதேனும் ஒன்றை மேற்பரப்பினுள் புகுத்தியோ, மேற்பரப்பின்மேல் போர்த்தியோதான் காரியத்தைச் சாதிக்க வேண்டும்.

புகுத்தும் முறைகளில் தலையாயது நைட்ரைடிங் எனப்படும் நைட்ரஜன் ஏற்றுதல். பிரியர்லி தம் எஃகை வார்த்த அதே 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடால்ஃப் மாஹ்லெட் என்பவர், அம்மோனியா வாயுவில் எஃகைச் சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் நைட்ரஜன் ஊறும் என்பதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் எஸ்ஸன் நகரத்துக் குருப் ஆலையில் அடால்ஃப் ஃபிரை அதை ஒரு பெருந்தொழில்முறையாக வளர்த்தார். 1930களில் பெர்க்ஹவுஸ் என்பவர், காற்று நீக்கிய கலத்தினுள் சிறிது நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் விட்டு, எஃகுப் பாகத்தை எதிர்மின்முனையாக்கி, நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் ஊதா நிறமாய் ஒளிரும் பிளாஸ்மாவை அதைச் சுற்றி எழுப்பி, அதன் மூலமே நைட்ரஜனை ஏற்றும் உபாயத்தைக் கண்டார். 500 முதல் 550 டிகிரி வரை சூடேற்றிச் செய்யப்பட்ட இம்முறைகள் கியர்களுக்கும் இயந்திரத் தண்டுகளுக்கும் பெருநன்மை செய்தன.

அதே சூட்டில் துருவேறா எஃகுக்கும் இதைச் செய்து பார்த்தபோது கடினம் ஆயிரத்தைத் தாண்டி உயர்ந்தது, எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் அப்பாகத்தை நீரும் உப்பும் உள்ள இடத்தில் பொருத்தியபோது, சாதாரண இரும்பைப்போல அது துருப்பிடித்தது. உள்ளே புகுந்த நைட்ரஜன், எஃகிலுள்ள குரோமியத்தோடு தனக்குள்ள தீராத வேட்கையால் அதைத் தேடிப் பிடித்துக் குரோமியம் நைட்ரைடு என்னும் நுண்மணிகளாய்க் கட்டிப்போட்டுவிட்டது. அந்த மணிகளே கடினத்தைத் தந்தன. அந்த மணிகளே சவ்வுக்கு வேண்டிய குரோமியத்தையும் அபகரித்துக்கொண்டன. அப்படிச் செய்த ஒரு பாகத்தைக் குறுக்கே அறுத்து மெருகிட்டு அமிலம் தடவினால், நைட்ரஜன் ஏறிய படலம் கரேலென்று கறுத்துத் தோன்றும். கடினத்தை வாங்கிக்கொண்டு துருவேறாமையை விற்றுவிட்ட இந்தப் பண்டமாற்று, வேறு வழியில்லை என்று கருதப்பட்டுப் பல்லாண்டு காலம் நடந்துவந்தது.

இந்த இக்கட்டிலிருந்து விடுபடும் வழி 1985ஆம் ஆண்டில் துலங்கியது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டாம் பெல் என்னும் பேராசிரியரும் அவருடன் பணியாற்றிய ஜாங் என்னும் ஆய்வாளரும், பிளாஸ்மா முறையிலேயே, ஆனால் சூட்டை 400 டிகிரியை ஒட்டிய அளவுக்குத் தாழ்த்தி, நீண்ட நேரம் நைட்ரஜன் ஏற்றிப் பார்த்தனர். கடினம் குன்றவில்லை, துருவேறாமையும் கெடவில்லை. குறுக்கே அறுத்து அமிலம் தடவியபோது உள்ளிருந்த எஃகு கரைந்து தன் அமைப்பைக் காட்டிற்று. மேலிருந்த படலமோ அமிலம் தீண்ட மாட்டாமல் வெள்ளையாய் மின்னியது. ஷெஃபீல்டில் பிரியர்லி கண்ட அதே அடையாளத்தை, 72 ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டின் மற்றொரு தொழில் நகரத்தில் இவர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்களும் எக்ஸ்-கதிர்ச் சோதனையில் அப்படலத்தைக் கண்டு, அக்கதிர்க் கோடுகள் அதுவரை அறியப்பட்ட எந்தப் பொருளின் பட்டியலோடும் பொருந்தாமையால் அதற்கு 'எஸ்' நிலை என்று பெயரிட்டனர். விரிந்த ஆஸ்டினைட் என்பது அதன் மற்றொரு பெயர்.

சூட்டை நூறு டிகிரி போலத் தாழ்த்தியதனால் இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் விளைந்தது? திடப்பொருளுக்குள் அணுக்கள் நகரும் விதத்தில் இதற்கு விடை இருக்கிறது. நைட்ரஜன் அணு சிறியது. இரும்பு அணுக்களின் நடுவேயுள்ள இடுக்குகளில் புகுந்து புகுந்து செல்ல வல்லது. குரோமியம் அணுவோ இரும்பு அணுவைப் போன்ற உருவமுடையதாகையால், பக்கத்தில் ஓரிடம் காலியானாலன்றி அசைய முடியாது. தேர்த்திருவிழாவில் மாடவீதி நெருக்கத்தில் பெரியவர்கள் தோளோடு தோள் இறுகி நின்ற இடத்தில் நிற்க, சிறுபிள்ளை ஒருவன் கால்களின் ஊடே நுழைந்து தேர்வடம் வரையில் போய்விடுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? 550 டிகிரியில் குரோமியத்துக்கும் ஓரளவு நடமாட்டம் உண்டு. ஆகவே அது நைட்ரஜனைச் சென்றடைந்து மணியாகத் திரள்கிறது. 420 டிகிரியில் நைட்ரஜன் உள்ளே செல்கிறது. குரோமியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேட்கை குறையவில்லை. கூடுவதற்கு வாய்ப்புத்தான் இல்லை. வேட்கையால் ஈர்க்கப்பட்டும் சேர முடியாத அந்நிலையில் நைட்ரஜன் அணுக்கள் நூற்றுக்கு 20, 25 என்னும் அளவில் இடுக்குகளில் வந்து திணிந்து, அணுக்கட்டுமானத்தையே விரித்துவிடுகின்றன. அடியிலுள்ள எஃகு விரிய இடந்தராமையால் படலத்தில் பெரும் அமுக்கம் பிறக்கிறது. அந்த அமுக்கமும் திணிவும் சேர்ந்து விக்கர்ஸ் எண்ணை 1000 முதல் 1500 வரை உயர்த்துகின்றன. குரோமியம் கட்டுண்ணாமையால் சவ்வும் முன்போலவே நெய்யப்படுகிறது. உப்புநீரில் குழிக்குழியாய் அரிக்கும் நோயைத் தடுப்பதில், கரைந்து நிற்கும் நைட்ரஜன் தானும் துணைபுரிகிறது என்பது மேலுமொரு லாபம்.

ஆஸ்டினைட் என்னும் பெயரையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். லண்டன் அரசு நாணயசாலையில் பணிபுரிந்த ராபர்ட்ஸ்-ஆஸ்டென் என்னும் உலோக சாஸ்திரியின் நினைவாக, ஆஸ்மண்டு என்னும் பிரெஞ்சு அறிஞர், இரும்பின் அணுக்கட்டுமானங்களுள் 304, 316 எஃகுகளில் நிலைத்து நிற்கும் ஒன்றுக்கு அப்பெயரை இட்டார். அந்த ராபர்ட்ஸ்-ஆஸ்டென்தான், ஈயத்தோடு தங்கத்தை ஒட்டி வைத்து, இரண்டும் உருகாமலிருக்கையிலேயே தங்கம் ஈயத்தினுள் மெல்ல மெல்லப் பரவுவதை 1896இல் அளந்து காட்டியவர். திடப்பொருளுக்குள்ளும் அணுக்கள் யாத்திரை செய்கின்றன என்று முதன்முதலில் அளந்து நிறுவியவரின் பெயர் பூண்ட கட்டுமானமே, அந்த யாத்திரையின் வேக வேறுபாட்டினால் இன்று தேயாத மேனி பெறுகிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இம்முறைக்கு ஒரு காவலாளி உண்டு. அவன் நாம் முன்பு புகழ்ந்த சவ்வேதான். துருவைத் தடுக்கும் அச்சவ்வு நைட்ரஜனையும் உள்ளே விடுவதில்லை. பிளாஸ்மா முறையில், அயனிகள் வந்து மோதிச் சவ்வை உதிர்த்துவிடுவதால் வாயில் திறந்துகொள்கிறது. அம்மோனியா வாயுவில் செய்பவர்கள் குளோரின் சேர்ந்த வாயுக்களாலோ ஃபுளோரின் சேர்ந்த வாயுக்களாலோ முதலில் சவ்வை நீக்கியாக வேண்டும். பிளாஸ்மா முறையிலும் விக்கினங்கள் இல்லாமலில்லை: பாகத்தின் விளிம்புகளில் மின்புலம் குவிந்து அங்கே சூடு மிகுவதும், சிறு துளைகளில் ஒளிர்வு தீவிரமாகி அவ்விடம் கருகுவதும் உண்டு. இதைத் தவிர்க்க, பாகங்களைச் சுற்றி உலோகக் கம்பிவலைக் கூண்டு ஒன்றை அமைத்து, மின்னழுத்தத்தைப் பாகத்துக்குக் கொடாமல் கூண்டுக்கே கொடுக்கும் முறையை 1990களின் பிற்பகுதியில் ஷான் ஜார்ஜ் என்பவர் உருவாக்கினார். சூட்டை ஒரே சீராக வைத்திருப்பதே இத்தொழிலின் உயிர்நிலையாகையால், கூண்டு முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நைட்ரஜனுக்குப் பதிலாகக் கரியையும் இப்படியே ஏற்றலாம். கரிக்குக் குரோமியத்தோடு உள்ள வேட்கை நைட்ரஜனுடையதைவிடச் சிறிது குறைவாதலால், 470 டிகிரி வரையில்கூட அச்சமின்றிச் சூடேற்றலாம்; படலம் 20, 30 மைக்ரான் கனமாக வளரும்; கடினமும் திடீரென்று சரியாமல் உள்நோக்கிப் படிப்படியாய்க் குறைவதால், பளு ஏறும்போது படலம் வெடிப்பதும் அரிது. நெதர்லாந்தில் 1980களில் தோன்றிய கோல்ஸ்டரைசிங் என்பது இவ்வகையினது. அதன் நுணுக்கங்களை உரியவர்கள் வெகுகாலம் இரகசியமாகவே வைத்திருந்தனர். அமெரிக்காவில் ஸ்வேஜ்லாக் நிறுவனத்தார், குழாய் இணைப்புகளில் குழாயைக் கவ்விப் பிடிக்கும் சிறு வளையத்துக்கு இம்முறையைக் கையாளுகிறார்கள். தானும் துருவேறா எஃகாகவும், தான் கடிக்கும் குழாயைவிடக் கடினமாகவும் இருக்க வேண்டிய அவ்வளையத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிகிச்சை வேறில்லை. பிரான்ஸ் நாட்டு அணுமின் நிலையங்களில், 300 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஓயாமல் அதிர்ந்து வழிகாட்டித் தட்டுகளோடு உராயும் கட்டுப்பாட்டுக் கோல்களின் எஃகு உறைகள் நைட்ரஜன் ஏற்றப்பட்டே பொருத்தப்படுகின்றன.

இனி, போர்த்தும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்வேன். மின்முலாமாகக் கடினக் குரோமியம் பூசுவது பழைய வழி. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத் திராவகம் புற்றுநோய் விளைவிப்பது என்று நிறுவப்பட்டிருப்பதால், தொழிலாளர் நலத்தையும் நிலத்தடி நீரையும் கருதுவோர் அதைக் கைவிட வேண்டும் என்றே நான் கூறுவேன். வெற்றிடத்தில் டைட்டானியம் நைட்ரைடைப் பொன்னிறமாய்ப் படியச் செய்வது மற்றொரு வழி. அதன் கடினம் 2000ஐத் தாண்டும். எனினும் மூன்று நான்கு மைக்ரான் கனமுள்ள அப்பூச்சை மிருதுவான எஃகின்மேல் நேரே இட்டால், பளுவில் அடித்தளம் அமுங்க, மேலுள்ள பூச்சு நொறுங்கிவிடும். முதலில் நைட்ரஜன் ஏற்றித் தளத்தை உறுதியாக்கி, அதன்மேல் பூச்சிடுவதே முறை.

கனமான பாதுகாப்பு வேண்டுமிடத்தில் நிலைமை வேறு. இமயத்தில் சட்லஜ் நதியின்மேல் அமைந்த நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையத்தில் 250 மெகாவாட் திறனுள்ள ஆறு டர்பைன்கள் இருக்கின்றன. நூற்றுக்கு 13 பங்கு குரோமியமும் 4 பங்கு நிக்கலும் உள்ள துருவேறா எஃகினால் ஆனவை இவற்றின் நீர்ச்சக்கரங்கள். நானூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து அழுத்தத்தோடு வரும் நீரில், பனி உருகும் காலத்திலும் மழைக்காலத்திலும், கூர்மழுங்காத குவார்ட்ஸ் மணல் மிகுந்திருப்பதால், சக்கரத்தின் விளிம்புகளும் நீரை ஒழுங்குபடுத்தும் இதழ்களும் கடும் அரிப்புக்கு உள்ளாயின. வண்டல் மட்டுமீறும்போது இயந்திரங்களை நிறுத்திவைக்கவும் நேர்கிறது. இங்கே பத்து இருபது மைக்ரான் படலம் எம்மாத்திரம்? ஒலியை விஞ்சும் வேகத்தில் சீறும் சுடர்வாயுவில் டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டும் குரோமியமும் சேர்த்து வீசி, மில்லிமீட்டரில் கால்பங்கு அளவுக்குக் கவசம்போல் படியவைக்கும் முறையையே அங்கே பின்பற்றுகிறார்கள். கவசமும் நிரந்தரமன்று, தேயத் தேயப் பூச வேண்டும். ஆயினும் சக்கரத்தின் ஆயுள் நீடிக்கிறது.

கல்பாக்கத்துச் செய்தி இன்னும் நுட்பமானது. அங்கே அமைக்கப்பட்டுள்ள 500 மெகாவாட் வேக ஈனுலையில் உலையின் உஷ்ணத்தை ஏந்திச் செல்வது உருகிய சோடியம். உலையை விட்டு வெளிவரும்போது அதன் சூடு 547 டிகிரி. சோடியம் பிராணவாயுவை வெகுவாக விரும்பும் உலோகமாதலால், அதில் மூழ்கிய துருவேறா எஃகின் சவ்வு நிலைப்பதில்லை. சவ்விழந்த இரண்டு எஃகுப் பரப்புகள் அச்சூட்டில் பளுவோடு தொட்டிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும் அபாயம் உண்டு. வழக்கமாக இத்தகைய இடங்களில் கோபால்ட்டை அடிப்படையாகக் கொண்ட ஸ்டெல்லைட்டைப் பற்றவைத்துப் படியச் செய்வர். ஆனால் அணு உலையின் நியூட்ரான்கள் கோபால்ட்டைக் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளாக்கிவிடும். அதன் அரையாயுள் 5.27 ஆண்டுகள், பழுதுபார்க்கச் செல்லும் தொழிலாளியின் உடலை அது எத்தனையோ ஆண்டுகள் அச்சுறுத்திக்கொண்டிருக்கும். இதைக் கருதி, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து அறிஞர்கள், நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கால்மோனாய் என்னும் கலவையைப் பிளாஸ்மா வில்லினால் பற்றவைத்துப் படியச் செய்யும் முறையைத் தேர்ந்து, அதை வெடிப்பின்றிப் படியச் செய்வதற்கான நெறிகளையும் வகுத்தனர். தேய்மானத்துக்கு மருந்திடுகையில் பிற்காலத்தில் அந்த இயந்திரத்தின் அருகே நிற்கப்போகும் மனிதனையும் நினைத்த இந்தச் செயலை நான் பெரிதும் போற்றுகிறேன்.

தாழ்சூட்டு நைட்ரைடிங்கின் எல்லைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். விரிந்த ஆஸ்டினைட் நிலையானதன்று. 450 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் அது சிதைந்து குரோமியம் நைட்ரைடாகிவிடும். ஆகவே சூடான இடங்களில் அதை நம்பக்கூடாது. படலம் மெல்லியது, ஆழக் கீறும் கற்களுக்கு முன் அது நிற்காது. 20 மணி நேரம் உலையில் இருத்தினாலும் 10 முதல் 20 மைக்ரானுக்கு மேல் நைட்ரஜன் படலம் வளர்வது அரிது. செலவும் அற்பமன்று. ஆனால் உராயவும் வேண்டும், நனையவும் வேண்டும், துருவும் கூடாது என்னும் நிபந்தனை உள்ள இடங்களில், அதாவது வால்வுகளிலும் பம்புத் தண்டுகளிலும் உணவு ஆலை இயந்திரங்களிலும், இதற்கு நிகரான முறை இன்றளவில் இல்லை என்பது என் முடிபு.

கோயம்புத்தூர்ப் பகுதியில் நீர்மூழ்கிப் பம்புகளும் வால்வுகளும் செய்யும் தொழிலன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆழ்துளைக் கிணற்றின் மணல் கலந்த நீரில், புஷ்ஷுக்குள் சுழன்று தேயும் ஷாஃப்ட்டை ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்துக்கு அனுப்பும்போது, 'ஆயிரம் விக்கர்ஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. ஆயிரம் விக்கர்ஸை 550 டிகிரியில் ஒரே இரவில் தந்துவிடலாம். அது கிணற்றில் இறங்கிய சில மாதங்களில் துருத்தூளாய் உதிரும். பழி எஃகை விற்றவர் தலையில் விழும். ஆதலால் ஆர்டர்ச் சீட்டில் எந்த எஃகு, எத்தனை டிகிரிக்கு மேல் சூடேறக்கூடாது, எத்தனை மைக்ரான் படலம் என்னும் மூன்றையும் எழுதுங்கள். திரும்பி வரும் சரக்கில் ஒன்றை எடுத்துக் குறுக்கே அறுத்து மெருகிட்டு அமிலம் தடவிப் பாருங்கள். படலம் வெள்ளையாயிருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், கறுத்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். நூற்றுக்கு 5 பங்கு உப்புக் கரைசலை 35 டிகிரியில் பனிபோல் தெளிக்கும் சோதனையையும் ஒரு முறையேனும் செய்வியுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் செய்ய வேண்டிய காரியமும் ஒன்று உண்டு. விரிந்த ஆஸ்டினைட்டைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி 304, 316 ஆகியவற்றின்மேல் நடந்தவை. நம் பம்புகளின் தண்டுகளிலோ குரோமியம் குறைந்து நிக்கல் சேர்க்கப்படாத 410, 420 வகைகள் மிகுதி. அவ்வகைகள் எத்தனை டிகிரி வரை தாங்கும், நம் நிலத்தடி நீரின் உப்புக்கும் மணலுக்கும் எந்தப் படலம் எத்தனை காலம் நிற்கும் என்பவற்றை நம் கிணறுகளின் நீரைக்கொண்டே அளந்து, எண்களோடு தமிழில் எழுதி, பட்டறைக்காரர் கையில் கிடைக்கும்படி வெளியிடுங்கள்.